தன்னைத் தரும் அன்பு

சென்ற தவக்காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. திருப்பலி முடிந்து, கோயிலின் பக்கத் தாழ்வாரத்தில் சிறுவர் சிறுமியர்க்கு மறைக்கல்வி நடந்துகொண்டிருந்தது. அன்றைய பாடம் ஆண்டவருடைய பாடுகள். அன்பின் உச்சம் தியாகம் என்றும், தியாகத்தின் உச்சம் கல்வாரி என்றும் யாம் விளக்கிக்கொண்டிருந்தோம். பின்வரிசையில் இருந்த ஒரு சிறுமி எழுந்து நின்றாள். வயது ஒன்பது இருக்கலாம்.

"சாமி, அன்பு காட்டணும்னா செத்துப்போகணுமா?"

மற்றப் பிள்ளைகள் சிரித்தார்கள். எமக்குச் சிரிப்பு வரவில்லை. குருமடத்தில் ஏழெட்டு ஆண்டுகள் தத்துவமும் இறையியலும் பயின்று, இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாகப் பீடத்தினின்று பிரசங்கம் செய்துவரும் எமக்கு, அக்கேள்விக்கு உடனே விடை சொல்ல நா எழவில்லை. "அடுத்த வாரம் சொல்லுகிறோம், அம்மா" என்று சொல்லி வகுப்பை முடித்தோம். அந்த அடுத்த வாரத்திற்குள் யாம் எண்ணிப் பார்த்தவற்றையே, அன்புள்ள பங்குக் குடும்பங்களாகிய உங்களோடு இங்கே பகிர்ந்துகொள்ள விழைகிறோம்.

மேலறையில் கற்ற பாடம்

ஆண்டவர் இயேசு தம் சீடருக்கு அன்பைக் குறித்து இறுதிப் பாடம் புகட்டியது இராவுணவுப் பந்தியிலே. நண்பருக்காகத் தன் உயிரையே கொடுப்பதைக் காட்டிலும் பெரிய அன்பு எவரிடமும் இல்லை என்று அவர் மொழிந்ததைப் புனித யோவான் தம் நற்செய்தியின் பதினைந்தாம் அதிகாரத்தில் எழுதிவைத்திருக்கிறார். இவ்வசனத்தை நாம் நன்கறிவோம். ஆயினும், அதே பந்தியில் அதற்கு முன் நிகழ்ந்ததை நாம் மறந்துவிடுகிறோம். உயிரைக் கொடுப்பதைப் பற்றிப் பேசுமுன், அவர் எழுந்தார், மேலாடையைக் களைந்தார், துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டார், சீடருடைய புழுதி படிந்த பாதங்களைக் கழுவினார். பாத்திரத்தில் நீர் வார்த்ததும் அவரே, துடைத்ததும் அவரே. வியாழன் இரவில் குனிந்தவரே வெள்ளியன்று சிலுவையில் உயர்த்தப்பட்டார். இவ்விரண்டும் இருவேறு அன்புகள் அல்ல, ஒன்றே.

நற்செய்தி எழுதப்பட்ட கிரேக்க மொழியில் இவ்வன்புக்கு 'அகாப்பே' என்று பெயர். திருத்தந்தை பதினாறாம் பெனடிக்ட் 2005-ஆம் ஆண்டு வழங்கிய தம் முதல் சுற்றுமடலில் இச்சொல்லை விரிவாக ஆராய்ந்தார். பெற்றுக்கொள்ள விழையும் அன்பு, பிறருடைய நலனை நாடத் தொடங்கி, அதற்காகத் தன்னையே இழக்கவும் முன்வரும்போது முதிர்ச்சி அடைகிறது என்பது அவர் தந்த விளக்கத்தின் சாரம். தமிழராகிய நமக்கு இது முற்றிலும் புதியதன்று. அன்பு உள்ளவர் தம் உடலின் எலும்பையும் பிறர்க்கென்றே கருதுவர் என்னும் கருத்தை வள்ளுவப் பெருந்தகை அன்புடைமை அதிகாரத்தில் வைத்துச் சென்றார்.

ஆனால் சிறுமியின் கேள்வி அப்படியே நிற்கிறது. சாக வேண்டுமா?

ஒரே நாளில் உயிர் தந்தவர்

சிலர் அவ்வாறே அழைக்கப்படுகிறார்கள். போலந்து நாட்டுப் பிரான்சிஸ்கன் குருவாகிய புனித மாக்சிமிலியன் கோல்பே அவர்களை அறியாதார் நம்மில் சிலரே. 1932-ஆம் ஆண்டு, மறைபரப்புப் பணிக்கு இடம் தேடி, நம் அண்டை மாநிலத்து எர்ணாகுளம் வரை வந்து சென்றவர் அவர். 1941-ஆம் ஆண்டு மே மாதம் நாசிகள் அவரை ஆஷ்விட்ஸ் வதைமுகாமில் அடைத்தனர். பெயர் போய் 16670 என்னும் எண்ணே அவருக்கு அடையாளமாயிற்று.

அவ்வாண்டு ஜூலை மாதக் கடைசியில் ஒரு கைதி தப்பிவிட்டதாகத் தெரியவந்தது. அதற்குத் தண்டனையாகப் பத்துப் பேரைப் பட்டினி போட்டுக் கொல்ல முகாம் அதிகாரி தேர்ந்தெடுத்தான். அப்பதின்மருள் ஒருவரான பிரான்சிசெக் கயோவ்னிசெக் தம் மனைவியையும் மக்களையும் நினைத்துக் கதறினார். வரிசையினின்று கோல்பே வெளியே வந்தார். தாம் ஒரு கத்தோலிக்கக் குரு என்றும், குடும்பம் உள்ள அம்மனிதருக்குப் பதிலாகத் தம்மைக் கொண்டுபோக வேண்டும் என்றும் கேட்டுக்கொண்டார். இரண்டு வாரம் நீரும் சோறும் இல்லாத நிலவறையில், உடனிருந்தோரைச் செபத்தில் தேற்றிக்கொண்டே இருந்தார். ஆகஸ்ட் 14 அன்று நச்சூசியால் அவர் உயிர் போக்கப்பட்டது.

1982-ஆம் ஆண்டு அக்டோபர் 10 அன்று திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் அவரை மறைசாட்சியாகப் புனிதர் நிலைக்கு உயர்த்தியபோது, கயோவ்னிசெக் அங்கே இருந்தார். 1995-இல் தம் 93-ஆம் வயதில் இறக்கும்வரை அவர் இதற்குச் சாட்சி சொல்லிக்கொண்டே இருந்தார். ஆயினும் ஒன்றை நாம் நினைவிற் கொள்ள வேண்டும். முகாமினின்று மீண்ட அவர் தம் மனைவியைக் கண்டார். பிள்ளைகள் இருவரையோ போர் கொண்டுபோயிருந்தது. கோல்பே கொடுத்த உயிர் எல்லாத் துயரத்தையும் துடைத்துவிடவில்லை. தியாகம் என்பது இவ்வளவு கொடுத்தால் இவ்வளவு கிடைக்கும் என்னும் வியாபாரம் அன்று. பலன் கடவுளுடைய கையில்.

விசுவாசத்திற்காகக் கொல்லப்படாவிடினும், பிறரன்பின் பொருட்டுத் தம் உயிரை மனமுவந்து கையளித்து அதனால் இறந்தோரை அருளாளர் நிலைக்கு உயர்த்தத் தனிவழி ஒன்றைத் திருத்தந்தை பிரான்சிஸ் 2017-ஆம் ஆண்டு ஜூலை 11 அன்று திறந்துவைத்தார். திருச்சபை இவ்வன்பை எத்துணை உயர்வாக மதிக்கிறது என்பதற்கு இது சான்று. அதற்கு விதிக்கப்பட்ட முதல் நிபந்தனையைக் கவனியுங்கள்: அக்கையளிப்பு சுதந்திரமானதாக, மனமுவந்ததாக இருக்க வேண்டும். இச்சொற்களுக்குச் சற்றுப் பின்னர் திரும்பி வருவோம்.

திண்டிவனத்தில் ஓர் இரவு

ஆஷ்விட்ஸ் வெகு தொலைவில் உள்ளது. நம் பிள்ளைகளுக்கு நம் மண்ணில் ஓர் எடுத்துக்காட்டு வேண்டாமா என்று எண்ணியபோது, திண்டிவனமே எம் நினைவுக்கு வந்தது. புளியங்காடு என்று பொருள்படும் பெயர் கொண்ட அவ்வூரை நம்மில் பலர் பேருந்தில் கடந்து செல்கிறோம். ஆனால் 1890-களின் தொடக்கத்தில் அங்கே ஒரு பங்களாவில் நிகழ்ந்ததை எத்துணைப் பேர் அறிவர்?

அப்பொழுது அமெரிக்கன் ஆற்காடு மிஷனைச் சேர்ந்த மருத்துவர் ஜான் ஸ்கடர் திண்டிவனத்தில் பணியாற்றி வந்தார். அவருடைய தந்தையாரே 1819-இல் அமெரிக்காவினின்று புறப்பட்டு, யாழ்ப்பாணத்துப் பண்டத்தரிப்பில் மருத்துவப் பணி தொடங்கி, பின்னர் சென்னைக்கு வந்தவர். மகனுக்கு 1870-இல் இராணிப்பேட்டையில் பிறந்த மகள் ஐடா. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய தாது வருடப் பஞ்சத்தைக் குழந்தைக் கண்களால் கண்டவர். அமெரிக்காவிற் படித்துக்கொண்டிருந்த அப்பெண், தாயார் நோயுற்றதால் 1890-இல் திண்டிவனம் வந்தார். மறைப்பணியாளராக வாழ்வதில் அவருக்கு நாட்டமில்லை. தாயார் தேறியதும் திரும்பிப் போய், மணமுடித்து, வளமாக வாழ வேண்டும் என்பதே அவர் எண்ணம்.

ஓர் இரவு கதவு தட்டப்பட்டது. வந்தவர் ஓர் இளம் பிராமணர். மனைவிக்குப் பிரசவம் சிக்கலாகிவிட்டது, நீங்கள் வரவேண்டும் என்று ஐடாவை அழைத்தார். தமக்கு மருத்துவம் தெரியாது என்றும், தம் தந்தையார் வருவார் என்றும் ஐடா சொன்னார். அயல் ஆடவர் ஒருவர் தம் மனைவியைத் தொடுவதை வழக்கம் அனுமதிக்காது என்று சொல்லி அவர் திரும்பிவிட்டார். மீண்டும் கதவு தட்டப்பட்டது. இம்முறை ஓர் இஸ்லாமியர். அதே வேண்டுகோள், அதே மறுப்பு. மூன்றாம் முறையும் தட்டப்பட்டது, உயர்குலத்து இந்து ஒருவர், அதே கதை.

அவ்விரவு ஐடா உறங்கவில்லை. பொழுது விடிந்ததும் சாவுப் பறை கேட்டது. ஆள் அனுப்பி விசாரித்தார். மூன்று பெண்களும் இறந்துவிட்டனர்.

அதன்பின் அவர் தம் பெற்றோரிடம் சென்று, அமெரிக்கா சென்று மருத்துவம் பயின்று திரும்பி வந்து இந்நாட்டுப் பெண்களுக்குப் பணிசெய்யப் போவதாகத் தெரிவித்தார். சொன்னபடியே செய்தார். 1899-இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பட்டம் பெற்றார். 1900-இல் வேலூருக்கு வந்தார். அவ்வாண்டிலேயே தந்தையார் காலமானார். வழிகாட்டி இல்லாமல், தந்தையார் வீட்டின் ஒரு சிற்றறையில் நோயாளரைப் பார்க்கத் தொடங்கினார். 1902-இல் 40 படுக்கைகள் கொண்ட ஷெல் நினைவு மருத்துவமனை எழுந்தது. 1909-இல் செவிலியர் பயிற்சி தொடங்கிற்று. 1918-இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி 17 மாணவியரோடு ஆரம்பமாயிற்று. அதுவே 1942-இல் எம்.பி.பி.எஸ். பட்டம் தரும் கல்லூரியாக வளர்ந்து, 1947 முதல் ஆடவரையும் சேர்த்துக்கொண்டு, இன்று உலகெங்கும் அறியப்பட்ட வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியாக நிற்கிறது. ஐடா அம்மையார் மணம் புரியவில்லை. 1960-ஆம் ஆண்டு மே மாதம் கோடைக்கானலில், தம் 89-ஆம் வயதில், ஆண்டவரிற் துயில் கொண்டார்.

அவர் நம் கத்தோலிக்கத் திருச்சபையைச் சேர்ந்தவர் அல்லரே என்று எவரேனும் கேட்கலாம். பிரிந்த சகோதரரிடத்தில் தூய ஆவியார் ஆற்றுகின்ற செயல் நம்முடைய ஆன்ம வளர்ச்சிக்கும் உதவும் என்று 1964-ஆம் ஆண்டிலேயே இரண்டாம் வத்திக்கான் சங்கம் நமக்குக் கற்பித்திருக்கிறது. நம் பக்கத்திலும் குறைவில்லை. 1844-இலேயே புதுச்சேரியில் துப்புயி அடிகளார், தமிழ்ப் பெண்குழந்தைகளின் கல்விக்கென மரியாயின் மாசற்ற இருதயச் சபையைத் தொடங்கினார். அக்கன்னியர் நம் மறைமாவட்டத்துக் கிராமங்களில் எழுத்தறிவித்த பாட்டிமார் எத்துணையோ பேர்.

கோல்பே ஒரே நாளில் தம் உயிரைத் தந்தார். ஐடா அதனை அறுபது ஆண்டுகளாகப் பிரித்துத் தந்தார். ஒரு துளியாகத் தந்தாலும் ஒரு குடமாகத் தந்தாலும் தரப்பட்டது உயிரே.

எம் கதவு தட்டப்பட்ட இரவு

இக்கதையைப் படிக்கும்போதெல்லாம் எம் நெஞ்சு குறுகுறுக்கும். அதற்கொரு காரணம் உண்டு. அதனை இதுகாறும் யாம் எழுதியதில்லை. சம்பந்தப்பட்டவரிடம் இசைவு பெற்றே இன்று எழுதுகிறோம்.

1998-ஆம் ஆண்டு கார்த்திகை மாதம். யாம் குருப்பட்டம் பெற்று இரண்டாண்டு ஆகியிருந்தது. விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் இடையே ஒரு பங்கில் உதவிப் பங்குக்குருவாக இருந்தோம். அன்று ஞாயிறு. கிளைக்கிராமங்கள் மூன்றில் பூசை, மாலையில் ஒரு திருமண ஒப்பந்தம். உடம்பெல்லாம் வலி. வெளியே விடாமழை. இரவு பத்தரை மணிக்குக் கதவு தட்டப்பட்டது. ஆறு கிலோமீட்டர் தொலைவிலுள்ள கிராமத்தினின்று ஒருவர் சைக்கிளில் வந்திருந்தார். தலையில் உரச் சாக்கைக் கொங்காணியாகப் போட்டிருந்தார்.

"சாமி, அம்மாவுக்கு ரொம்ப முடியல. எண்ணெய் பூசணும். சாமியாரக் கூப்பிடுன்னு சொல்லிக்கிட்டே இருக்குது."

யாம் மழையைப் பார்த்தோம். ஏரிக்கரைப் பாதையை நினைத்தோம். "இப்போது எப்படிப்பா வருவது? விடிந்ததும் முதற்பூசையை முடித்துக்கொண்டு வந்துவிடுகிறோம். அம்மாவிடம் சொல்" என்றோம். "சரிங்க சாமி" என்று கைகூப்பிவிட்டு அவர் போனார். மறுத்துப் பேசவில்லை. யாம் படுத்து உறங்கினோம். ஐடா அம்மையார் அன்றிரவு உறங்கவில்லை. மருத்துவம் தெரியாதவர் அவர். நோயில் பூசும் எண்ணெயைக் கையில் வைத்திருந்த யாம் உறங்கினோம்.

காலையில் வண்டியை எடுத்துக்கொண்டு போனபோது, ஊர் எல்லையிலேயே பறை கேட்டது. மூன்றரை மணிக்கே உயிர் பிரிந்துவிட்டது என்றார்கள். அவர் எமக்கு நாற்காலி போட்டார்; காப்பி வாங்கிவரச் சொன்னார். "நீங்க என்னா சாமி பண்ணுவீங்க, மழை அப்படி" என்று எமக்கு ஆறுதலும் சொன்னார்.

முப்பதாம் நாள் பூசைக்கு வந்தவர், பூசை முடிந்தபின் குருமனைத் திண்ணையருகே தயங்கி நின்றார். "ஒண்ணு கேக்கணும் சாமி. அன்னைக்கு ராத்திரி அம்மா, சாமியார் வந்தாரா, சாமியார் வந்தாரான்னு மூணு வாட்டி கேட்டுச்சு. வந்துக்கிட்டே இருக்காரும்மான்னு சொன்னேன். பொய் சொல்லிட்டேன். அது பாவமா சாமி?"

அன்பர்களே, எம் வாழ்நாளில் அதைப்போல் எம்மை வெட்கமுறச் செய்த கேள்வி வேறில்லை. "அந்தப் பொய் உன்னுடையதன்று அப்பா. அது எம்முடையது" என்று மட்டும் சொன்னோம். அம்மூதாட்டியைக் கடவுளுடைய இரக்கம் கைவிட்டிராது என்பதில் எமக்கு ஐயமில்லை; அருட்சாதனங்களை ஏற்படுத்தியவர் அவற்றுக்குக் கட்டுப்பட்டவர் அல்லர் என்பது திருச்சபையின் போதனை. ஆனால் ஓர் அன்னை நம்பிக் காத்திருந்தாள், யாம் போகவில்லை. மகன் மழையில் பன்னிரண்டு கிலோமீட்டர் போய்வந்தார். தாயின் கடைசி மணி நேரங்களில் இரண்டை எம்மைத் தேடுவதில் செலவழித்தார். எஞ்சிய நேரத்தில் எம் குறையை மறைக்கத் தம் மனச்சாட்சியையும் வருத்திக்கொண்டார். தியாக அன்பைப் பற்றி அதே ஞாயிறு மூன்று பூசைகளில் பிரசங்கம் செய்தவர் யாம். அதனைச் செய்தவர் அவர்.

அன்றுமுதல் யாம் இருந்த எல்லாக் குருமனைகளிலும் கதவருகே ஓர் ஆணி அடித்திருக்கிறோம். அதில் வண்டிச் சாவியும், நோயாளர் எண்ணெய்ச் சிமிழ் வைத்த சிறு பையும் தொங்கும். வேறு பெரிய மனமாற்றம் எதுவும் எம்மிடம் நிகழ்ந்துவிடவில்லை. அந்த ஆணி ஒன்றுதான்.

யாரைத் தருகிறோம்?

இனி, முன்னர் நிறுத்திவைத்த சொற்களுக்கு வருவோம்: சுதந்திரமானது, மனமுவந்தது.

திண்டிவனத்துக் கதையில் இறந்துபோன மூன்று பெண்களைச் சற்று எண்ணிப் பாருங்கள். அவர்களும் ஒருவகையில் பலியானவர்களே. ஆனால் அவர்கள் தங்களைத் தரவில்லை, தரப்பட்டார்கள். குலவழக்கம், மானம் என்பவற்றுக்காக அவர்களுடைய உயிரை வேறு சிலர் தந்துவிட்டனர். அக்கணவன்மார் மனைவியரை நேசிக்காதவர் அல்லர். நள்ளிரவில் கதவு தட்டி நின்றவர்களே அவர்கள். ஆயினும் வழக்கத்தை விட்டுக்கொடுக்க அவர்களால் இயலவில்லை, மனைவியை விட்டுக்கொடுத்தார்கள்.

நற்செய்தியிலும் இவ்விருவகையும் எதிரெதிராக நிற்கின்றன. மக்கள் அனைவரும் அழிவதைவிட ஒருவன் சாவது நல்லது என்று தலைமைக் குரு கைப்பா சங்கத்தில் ஆலோசனை சொன்னான். அவனும் பலியைப் பற்றித்தான் பேசினான். ஆனால் பிறர் ஒருவரைத் தரச் சொன்னான். ஆண்டவரோ, தம் உயிரைத் தம்மிடமிருந்து எவரும் பறிக்கவில்லை, தாமாகவே அதனைக் கொடுப்பதாகச் சொன்னார். அதே சிலுவை, கைப்பாவின் பக்கமிருந்து பார்த்தால் கொலை, கிறிஸ்துவின் பக்கமிருந்து பார்த்தால் அன்பு. தியாகம் என்பது தன்னைத் தருவது, பிறரைத் தருவதன்று.

இதையும் யாம் பட்டே கற்றோம். சில ஆண்டுகளுக்கு முன் எம் பங்கில் ஒரு பெண்பிள்ளை பன்னிரண்டாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் பெற்றிருந்தாள். செவிலியர் படிப்புக்கு இடமும் கிடைத்தது. ஆனால் அவள் அண்ணன் வெளிநாடு போகப் பணம் தேவைப்பட்டது. "தம் படிப்பை அண்ணனுக்காக விட்டுக்கொடுத்துட்டா சாமி, தங்கமான பிள்ளை" என்று பெற்றோர் பூரித்துச் சொன்னார்கள். யாமும் மகிழ்ந்து, அடுத்த ஞாயிறு பிரசங்கத்தில், பெயர் சொல்லாமல், அப்பிள்ளையின் தியாகத்தைப் புகழ்ந்தோம். பூசை முடிந்து அவள் எம்மிடம் வந்தாள். கண்ணில் நீர் இல்லை. குரலில் நடுக்கம் இருந்தது.

"வீட்ல என்னைக் கேட்டாங்களான்னு நீங்க ஒரு வார்த்தை கேட்டீங்களா சாமி?"

யாம் கேட்கவில்லை. கைப்பாவின் பிரசங்கத்தை யாம் கிறிஸ்துவின் பீடத்தில் நின்று செய்திருந்தோம். அன்று மாலையே அவ்வீட்டுக்குப் போனோம். தந்தையாரோடு பேசினோம், பலமுறை பேச வேண்டியிருந்தது. அருட்சகோதரிகள் கட்டணத்துக்கு வழி செய்தார்கள். ஓராண்டு வீணான பின்னரே அவள் படிப்பில் சேர்ந்தாள். இன்று ஒரு மருத்துவமனையில் பணிபுரிகிறாள். இரவுப் பணியில், பிரசவப் பகுதியில் என்று கேள்விப்பட்டபோது எமக்குத் திண்டிவனத்துப் பங்களா நினைவுக்கு வந்தது.

ஆகவே குடும்பத் தலைவர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் இல்லத்தில் தியாகம் செய்பவர் யார் என்று எண்ணிப் பாருங்கள். கடைசியாக உண்பவர் யார்? மீந்ததை உண்பவர் யார்? காய்ச்சலிலும் அடுப்படியில் நிற்பவர் யார்? எப்பொழுதும் ஒருவரே என்றால், அது அவருடைய அன்பாக இருக்கலாம். மற்றவருடைய அன்பின்மையாகவும் இருக்கலாம். குடித்துவிட்டு அடிக்கும் கணவனைப் பொறுத்துக்கொண்டு போவதே சிலுவை சுமப்பது என்று சொல்லித்தரும் வழக்கம் நம்மிடையே இருந்து வந்தது. அது தவறு. அடிப்பவனுடைய பாவத்துக்குத் துணைபோவது அன்பாகாது. அவனை நிறுத்துவதே அவனுக்கும் செய்யும் அன்பு. அவ்வாறு துன்புறும் சகோதரியர் குருமனைக் கதவைத் தட்டலாம். ஆணி அங்கேதான் இருக்கிறது.

தியாகம் என்று தெரியாத தியாகம்

எம் பங்கில் ஒருவர் இருக்கிறார். தேநீர்க் கடை வைத்திருக்கிறார். அவர் மனைவி பக்கவாதத்தால் படுக்கையில் விழுந்து ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன. விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து மனைவியைத் துடைத்து, துணி மாற்றி, தலைவாரிப் பின்னிவிட்டு, கஞ்சி ஊட்டியபின்தான் கடை திறப்பார். நண்பகலில் கடையை அடைத்துவிட்டு மீண்டும் வருவார். ஆண்பிள்ளை செய்கிற வேலையா இது என்று தொடக்கத்தில் ஊரார் ஏளனம் செய்தார்கள். இப்போது பழகிவிட்டார்கள்.

முதல் வெள்ளிதோறும் அவ்வம்மாவுக்கு நற்கருணை கொண்டுசெல்வோம். ஒருமுறை யாம் அவரிடம், "பெரிய தியாகம் செய்கிறீர்கள் ஐயா" என்றோம். அவர் எம்மை வியப்போடு பார்த்தார்.

"இதுல என்னா சாமி தியாகம்? அவ என் பொண்டாட்டி."

இதைவிடச் சிறந்த விளக்கம் எந்த இறையியல் நூலிலும் எமக்குக் கிடைத்ததில்லை. மனிதன் தன்னை மனமாரப் பிறர்க்குக் கையளிப்பதன் வழியாகவே தன்னை முழுமையாகக் கண்டடைகிறான் என்னும் கருத்தை 1965-இல் வத்திக்கான் சங்கம் வெளியிட்டது. அவர் அதைப் படித்ததில்லை. அவர் முகத்தில் அது இருக்கிறது. அவர் களைப்படைவதில்லை என்று சொல்ல மாட்டோம். சில நாள் அவர் சினங்கொண்டு கத்துவதும் தெருவில் கேட்கும். பின்னர் அவரே மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அன்பு என்பது எப்பொழுதும் இனிமையாக இருப்பது என்று எண்ண வேண்டாம். மறுநாளும் மூன்று மணிக்கு எழுவதே அன்பு.

2024-ஆம் ஆண்டு டிசம்பர் முதல் நாள் ஃபெஞ்சல் புயல் நம் மாவட்டத்தை வெள்ளக்காடாக்கியதை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். மயிலத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 50 சென்டிமீட்டர் மழை கொட்டிற்று. அவ்விரவும் எம் கதவு தட்டப்பட்டது. தாழ்வான தெருவில் இருந்த குடும்பங்களுக்குக் கோயிலைத் திறந்துவிட வேண்டும் என்று இளைஞர் சிலர் வந்திருந்தார்கள். உண்மையைச் சொல்வோம்: ஐம்பது வயதைக் கடந்த எம் உடம்பு, 1998-இல் தயங்கியது போலவே அன்றும் தயங்கிற்று. முழங்கால் வலித்தது. போர்வை இதமாக இருந்தது. இத்துணை ஆண்டுச் செபமும் அத்தயக்கத்தை அகற்றவில்லை. ஆயினும் எழுந்தோம். அதற்குள் அவ்விளைஞர்கள் முதியோரை முதுகில் சுமந்து கொண்டுவரத் தொடங்கியிருந்தார்கள். எந்தச் சாதித் தெரு, எந்த மதம் என்று எவரும் கேட்கவில்லை. மறுநாளைக்கென்று வைத்திருந்த அரிசியைப் பெண்கள் கொணர்ந்து கொட்டிக் கஞ்சி காய்ச்சினார்கள். அன்று எம் பங்கில் எவரும் யாருக்காகவும் சாகவில்லை. ஆனால் ஆண்டவருடைய இராவுணவு நிகழ்ந்தது என்று யாம் நம்புகிறோம்.

அடுத்த ஞாயிறு அச்சிறுமி மறக்காமல் கேட்டாள்: "சாமி, பதில் சொல்றேன்னீங்களே?"

அருகில் உட்காரவைத்துச் சொன்னோம்: "அம்மா, சிலரைச் சாகும்படி கடவுள் கேட்கலாம். அது மிகச் சிலரை. உன்னையும் எம்மையும் அவர் அப்படிக் கேட்காமல் போகலாம். ஆனால் இரவில் உன் பாட்டி தண்ணீர் கேட்பாள் அல்லவா? அப்போது உனக்குத் தூக்கம் தூக்கமாக வரும் அல்லவா?"

"ஆமாம் சாமி."

"அப்போது சாக வேண்டாம். எழுந்திருந்தால் போதும்."

அவள் சிறிது நேரம் யோசித்தாள். பிறகு, "பாட்டி ராத்திரியில மூணு நாலு வாட்டி கேக்கும் சாமி" என்றாள்.

"அத்தனை முறையும்" என்றோம். சொன்னது அவளுக்கு மட்டும் அன்று.